ஷிங்ரிக்ஸ்: அக்கிக்கு ஊசி, ரெண்டு தவணை

அக்கி வந்தால் குயவரிடம் போய்ச் செங்காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கம் கொங்குப் பக்கம் இன்னும் இருக்கிறது. அந்த அக்கியை வரவிடாமல் தடுக்கும் ஊசிதான் ஷிங்ரிக்ஸ். 2023 முதல் இந்தியாவில் 50 வயது கடந்தவர்களுக்குக் கிடைக்கிறது.

அக்கியைக் கிளப்புவது சின்னம்மைக் கிருமிதான். சின்னம்மை ஆறினாலும் அது உடம்பை விட்டுப் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடக்கும். அதைக் கிளம்பவிடாமல் அடக்கி வைப்பவை முக்கியமாக டி செல்கள் எனும் நோய் எதிர்ப்பு அணுக்கள். ரத்தத்தில் கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடி குறையாமல் இருந்தாலும், வயதாக ஆக டி செல்லின் வலு இறங்கும். விலாவில் ஒரு பக்கமாகக் கொப்புளம் படர்வது அப்போதுதான். ஷிங்ரிக்ஸ் தட்டி எழுப்புவதும் இந்த டி செல்களைத்தான். உயிருள்ள கிருமி இதில் கிடையாது. கிருமியின் மேலுறைப் புரதம் 50 மைக்ரோகிராமும், எதிர்ப்பு சக்தியை முடுக்கிவிடும் ஏஎஸ்01பி என்ற தூண்டியும் இருக்கின்றன. தூண்டியில் ஒரு பாகம் சிலி நாட்டு மரப்பட்டையின் சப்போனின். நம்ம சீயக்காய் நுரைப்பதும் சப்போனினால்தான். ஊசிக்குப் பின் 2, 3 நாள் கை கடுப்பதற்கும் உடம்பு வலி, காய்ச்சலுக்கும் பெரும்பாலும் இந்தத் தூண்டிதான் காரணம். வீட்டில் விசேஷம் உள்ள வாரத்தில் வேண்டாம்.

பெரிய சோதனைகளில் 50 கடந்தோருக்கு 97 சதவீதம், 70 கடந்தோருக்குச் சுமார் 90 சதவீதப் பாதுகாப்பு. பழைய அக்கி ஊசியான ஸோஸ்டாவாக்ஸ் 51 சதவீதத்தோடு நின்றது. ஆனால் இந்தக் கணக்கு ரெண்டு ஊசிக்கானது. ரெண்டாவதை 2 முதல் 6 மாதத்துக்குள் போட வேண்டும். தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்டதைப் போட்டால் போதும். விலைதான் உறுத்துகிறது.

கோவையில் வாங்கித் தாராபுரத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து ஐஸ்கட்டிக்குள் புதைத்தால் உறைந்துவிடும், உறைந்த மருந்து குப்பைக்குத்தான். பெட்டியில் ரெண்டு குப்பி: ஒன்று பொடி, ஒன்று திரவம். திரவத்தை மட்டும் உறிஞ்சிப் போட்டால் புரதமே உள்ளே போகாது. கலப்பதைக் கண்ணால் பாருங்கள். கலந்து 6 மணி நேரத்துக்குள், தோளுக்குக் கீழே சதையில் போட வேண்டும்.

அக்கிக் கிருமியின் பங்காளியான ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ் கிருமி உதட்டில் கிளப்பும் கொப்புளத்துக்கு இது உதவாது. வந்துவிட்ட அக்கிக்கும் இது மருந்தல்ல. அதற்கு 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற மாத்திரை தொடங்க வேண்டும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால், காவி எழுதப் போகும் முன் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்க.