கீச்சிடும் ஸ்மோக் அலாரம்: பேட்டரியைப் பிடுங்கவா, மாற்றவா, புதுசே வாங்கவா?

அமெரிக்காவில் சில வருஷம் குடும்பம் நடத்தியவர்கள் யாரைக் கேட்டாலும் ராத்திரி மூன்று மணி 'கீச்' கதை ஒன்று வைத்திருப்பார்கள். கூரையில் மாட்டிய ஸ்மோக் அலாரம், அதாவது புகையைக் கண்டால் கத்துகிற பெட்டி, விடுகிற ஒரே ஒரு கீச், அப்புறம் அமைதி, சரி ஒழிந்தது என்று கண்ணை மூடினால் மறுபடியும் ஒரு கீச். இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். பேட்டரியைப் பிடுங்கி எறி என்பவர் ஒருவர், புது பேட்டரி போடு என்பவர் ஒருவர், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு போனில் பேசுகிற மாடல் வாங்கு என்பவர் இன்னொருவர். எந்த வழி எந்த வீட்டுக்குச் சரி, எங்கே காசு தண்டம், எங்கே உயிருக்கே ஆபத்து என்று ஒவ்வொன்றாக எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். மூன்று பீப், சின்ன இடைவெளி, மறுபடியும் மூன்று பீப் என்றால் அது புகையைக் கண்டுவிட்டது. நான்கு நான்காக வந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு, அப்போது பேட்டரி ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், வீட்டில் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போய் 911-ஐக் கூப்பிடுங்கள். 30 முதல் 60 வினாடிக்கு ஒருமுறை ஒற்றைக் கீச் வந்தால்தான் பேட்டரி தீர்கிறது, அல்லது அலாரத்துக்கே வயதாகிவிட்டது என்று அர்த்தம். ராத்திரியில் மட்டும் அது தொடங்குவதற்கும் காரணம் உண்டு: விடியற்காலையில் வீடு குளிர்ந்திருக்கும், குளிரில் பேட்டரியின் மின்னழுத்தம் இறங்கும், பகலில் எப்படியோ தள்ளிக்கொண்டிருந்த பேட்டரி அப்போது எல்லைக்குக் கீழே போய்விடும். காலையில் வீடு சூடானதும் சத்தம் நின்றுவிடுவதால், 'தானாகச் சரியாகிவிட்டது' என்று விட்டுவிடுகிறோம். மறுநாள் ராத்திரி அதே கூத்து.

எந்த அலாரம் கத்துகிறது என்று கண்டுபிடிப்பது தனிப் பாடு. அந்தச் சத்தம் ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸ், அவ்வளவு கூர்மையான, அவ்வளவு சின்ன ஓசை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நம் காதுகளுக்குச் சுலபத்தில் பிடிபடாது. ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு கீச் வருகிற வரை நின்று பார்ப்பதுதான் வழி, சத்தத்தோடு சேர்ந்து விளக்கு மின்னுவதும் துப்புக் கொடுக்கும். கூரையில் இருப்பது எல்லாம் ஒழுங்காக இருந்தால் சுவர் பிளக்கில் செருகிய கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் பாருங்கள், போன தடவை கழற்றி கராஜ் பெட்டியில் போட்ட பழையதையும் பாருங்கள். அது அங்கிருந்தும் கத்தும்.

இனி வழிகள். பேட்டரியைப் பிடுங்குவதற்குச் செலவில்லை, ஒரு நிமிட வேலை, அந்த நேரத்துத் தூக்கத்துக்கு அதைவிடப் பெரிய வரம் கிடையாது. ஆனால் கூரை வயரில் இணைத்த மாடலில் இது பலிக்காது. பேட்டரியை எடுத்த பிறகும் அது கரண்டில் ஓடிக்கொண்டே 'உள்ளே பேட்டரியைக் காணோம்' என்று கத்தும். அதையும் வயரிலிருந்து கழற்றிய பிறகு இன்னும் ஒன்றிரண்டு கீச் வருகிறதே என்று பயப்படுகிறார்கள், உள்ளே கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் கரண்ட் அது, டெஸ்ட் பட்டனைப் பதினைந்து இருபது வினாடி அழுத்திப் பிடித்தால் தீர்ந்துவிடும். இதைவிடப் பெரிய சிக்கல், காலையில் யாரும் அதைத் திரும்ப மாட்டுவதில்லை. அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ. கணக்குப்படி வீட்டுத் தீயில் சாகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பேர் அலாரமே இல்லாத அல்லது அலாரம் வேலை செய்யாத வீடுகளில்தான் சாகிறார்கள், வேலை செய்யாததற்கு முதல் காரணம் பிடுங்கப்பட்ட அல்லது செத்துப்போன பேட்டரி. ஆகவே பிடுங்கினால் அது காலைவரைக்கும் மட்டும்தான், அதுவும் மற்ற அறைகளில் அலாரம் உயிரோடு இருந்தால் மட்டும். பல மாடல்களில் டெஸ்ட் பட்டனை அழுத்தினாலே இந்தக் கீச் சில மணி நேரத்துக்கு அடங்கிவிடும், முதலில் அதைச் செய்து பாருங்கள்.

பேட்டரி மாற்றுவதா, அலாரத்தையே மாற்றுவதா என்பதற்கு விடை அலாரத்தின் முதுகில் இருக்கிறது. கழற்றித் திருப்பினால் தயாரித்த தேதி அச்சாகியிருக்கும். நீங்கள் வாங்கிய தேதியையோ மாட்டிய தேதியையோ கணக்கில் எடுக்கக் கூடாது, தயாரித்த தேதியிலிருந்து 10 வருஷம் தாண்டியிருந்தால் புது பேட்டரிக்குச் செலவிடுகிற காசு வீண். அதற்குள் உணரி தூசியும் பூச்சியும் பட்டு மந்தமாகியிருக்கும், சில மாடல்கள் வயதாகிவிட்டதைச் சொல்லவே கீச்சிடும், எத்தனை பேட்டரி போட்டாலும் நிற்காது. மூன்று நான்கு வருஷம்தான் ஆகிறது என்றால் பேட்டரி போதும்: 9 வோல்ட் ஆல்கலைன், அல்லது உங்கள் மாடல் கேட்கிற ஏ.ஏ. ரீசார்ஜ் செய்கிற பேட்டரியை மட்டும் போடாதீர்கள், பொம்மை காருக்கு அது சரி, இங்கே அது சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடும். கையோடு வாக்குவம் கிளீனரின் மெல்லிய பிரஷ்ஷால் துளைகளைச் சுத்தம் செய்துவிடுங்கள். தூசி தட்டினால் ஒற்றைக் கீச் நிற்பது அரிது, ஆனால் காரணமே இல்லாமல் முழு அலாரம் அடிப்பது குறையும்.

சரி, புதுசு வாங்குவது என்று முடிவாகிவிட்டது. கடையில் இரண்டு ரகம் எதிரெதிரே தொங்கும்: 10 முதல் 15 டாலருக்குப் பேட்டரி மாற்றுகிற மாடல், 20 முதல் 30 டாலருக்கு உள்ளேயே லித்தியம் பேட்டரியை வைத்து மூடிய 10 வருஷ மாடல். விலையைப் பார்த்தால் முதலாவது மலிவு, ஆனால் வருஷம் ஒரு 9 வோல்ட் பேட்டரி என்று பத்து வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்கள், பேட்டரிச் செலவே அலாரத்தின் விலையைத் தாண்டிவிடும், ஏணியில் ஏறுகிற வேலை தனி. மூடிய மாடலில் பேட்டரியைப் பிடுங்கவே முடியாது என்பது அதன் அசல் பலம், அதனால்தான் கலிபோர்னியாவில் 2014 ஜூலை 1 முதலும் நியூயார்க் மாநிலத்தில் 2019 ஏப்ரல் 1 முதலும் பேட்டரியில் மட்டும் ஓடும் அலாரம் என்றால் இந்த ரகத்தைத்தான் விற்கலாம் என்று சட்டம் போட்டார்கள். நடுவில் பழுதானால் முழுசையும் தூக்கிப் போட வேண்டியிருப்பது ஒரு குறை. என் ஓட்டு மூடியதற்குத்தான்.

இனி பெரும்பாலானவர்கள் பெட்டியில் படிக்காமல் விடுகிற, ஆனால் நம் அடுப்படிக்கு ரொம்ப முக்கியமான வித்தியாசம்: அயனைசேஷன், ஃபோட்டோ எலெக்ட்ரிக். முதல் ரகத்துக்குள் துளி அமெரிசியம்-241 இருக்கிறது, கதிரியக்கப் பொருள்தான், ஆனால் பெட்டியை உடைக்காத வரை பயமில்லை. அது உள்ளே இருக்கும் காற்றை அயனியாக்கி இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய மின்னோட்டத்தை நடத்திக்கொண்டிருக்கும், புகைத் துகள் நுழைந்து அந்த ஓட்டம் குறைந்தால் அலாரம். இரண்டாவது ரகத்தில் இருட்டு அறைக்குள் ஓர் ஒளிக்கற்றை உணரியைத் தொடாமல் போய்க்கொண்டிருக்கும், புகை வந்து ஒளியைச் சிதறடித்து உணரி மேல் விழவைத்தால் அலாரம். குபீரென்று பற்றிக்கொள்கிற தீயை அயனைசேஷன் கொஞ்சம் முந்திப் பிடிக்கும். சோஃபாவுக்குள் சிகரெட் நெருப்பு விழுந்து மணிக்கணக்காகப் புகைந்துகொண்டிருக்கும் தீயை ஃபோட்டோ எலெக்ட்ரிக் வெகுவாக முந்திப் பிடிக்கும், தூங்குகிறவர்களுக்கு இந்தப் புகைச்சல் பெரிய ஆபத்து.

அடுப்படிக் கணக்கு வேறு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துகள்களுக்குத்தான் அயனைசேஷன் அதிகம் பதறும், காய்ந்த எண்ணெயில் கடுகு வெடித்து மிளகாய் வற்றல் கருகும்போது எழுவது அதேதான். தாளிப்புக்கு ஒருமுறை, தோசைக்கல் காய்ந்ததற்கு ஒருமுறை என்று அலாரம் அடித்தால், அது எந்த ரகம் என்று பின்னால் திருப்பிப் பாருங்கள், 'ஐ' என்ற எழுத்தோ கதிரியக்கப் பொருள் பற்றிய எச்சரிக்கையோ இருந்தால் அயனைசேஷன். அடுப்பிலிருந்து 10 அடிக்குள் எந்த அலாரமும் வேண்டாம், 10 முதல் 20 அடிக்குள் என்றால் ஃபோட்டோ எலெக்ட்ரிக்கோ, சத்தத்தை அடக்கும் பட்டன் உள்ளதோ போடு என்பது என்.எஃப்.பி.ஏ. பல வருஷமாகச் சொன்ன விதி. மாசசூசெட்ஸில் அடுப்படிக்கும் குளியலறைக்கும் 20 அடிக்குள் ஃபோட்டோ எலெக்ட்ரிக் மட்டும்தான். அலாரத்தைத் திட்டுவதற்கு முன் அடுப்புக்கு மேல் இருக்கும் மைக்ரோவேவ் ஃபேனையும் சந்தேகப்படுங்கள்: பல அபார்ட்மென்ட்களில் அது புகையை வெளியே தள்ளாது, ஒரு வடிகட்டி வழியாக இழுத்து மறுபடியும் உங்கள் முகத்திலேயே ஊதும். ஜன்னலைத் திறந்து வைத்துத் தாளிப்பது அதைவிட உத்தமம்.

இப்போது வாங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, ஸ்மோக் அலாரங்களைச் சோதித்துச் சான்று தரும் யு.எல். நிறுவனத்தின் 'யு.எல். 217' தரத்தின் எட்டாம் பதிப்பிலிருந்து சமையல் புகைக்கும் தீப் புகைக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்ற சோதனையையும் அலாரம் தாண்ட வேண்டும். சோதனைக்கு அவர்கள் வாட்டுவது ஹாம்பர்கர். வத்தக்குழம்புக்குத் தாளித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பது நாமே செய்து பார்க்க வேண்டிய ஆராய்ச்சி, ஆனாலும் பழையவற்றைவிட இவை பொறுமைசாலிகள். பெட்டியில் எட்டாம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ என்று பார்த்து வாங்குங்கள்.

கணபதி ஹோமம் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் ஆட்கள் விடமாட்டார்கள். ஷவர் கேப் மாட்டி மூடுவதா, கழற்றி வைப்பதா? தனி வீடாக இருந்து, வீடு நிறைய ஆட்கள் விழித்திருந்து, பக்கத்தில் தீயணைப்பான் இருந்து, முடிந்த கையோடு ஒருவர் பொறுப்பாகத் திரும்ப எடுப்பார் என்றால் மூடுவது மேல், ஏனென்றால் கூரையில் தொங்கும் ஷவர் கேப் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும், கழற்றி அலமாரியில் வைத்தது மறந்துபோகும். அபார்ட்மென்ட் என்றால் இரண்டுமே வேண்டாம். அங்கே கட்டிடம் முழுவதற்குமான தனி டிடெக்டர்கள் இருக்கும், அதைத் தொட்டால் எல்லா மாடிக்காரர்களும் படியில் இறங்கி நிற்பார்கள், தீயணைப்பு வண்டியும் வந்துவிடும். பல வாடகை ஒப்பந்தங்களில் அபராதமும் எழுதியிருக்கும். கம்யூனிட்டி ஹால் அல்லது கோயில் என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

வயரில் இணைத்த அலாரங்கள் உள்ள வீட்டில் ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும், மாடியில் தூங்குபவருக்குக் கீழே நடப்பது தெரியும், அந்த வசதியை விட்டுக்கொடுத்துப் பேட்டரி மாடலுக்கு இறங்கக் கூடாது, பல ஊர்களில் விதியும் அனுமதிக்காது. மாற்றும்போது அதே கம்பெனி மாடலையே வாங்குவது சுலபம், பின்னால் இருக்கும் பிளக் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இணைப்பு வயரில் போகும் சமிக்ஞையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பிரேக்கரை அணைத்துவிட்டு ஏணியில் ஏறுங்கள். வீடு கட்டியபோது ஒரே நாளில் மாட்டியவை என்பதால் ஒன்றுக்கு வயதாகிவிட்டது என்றால் மற்றவற்றுக்கும் அதே வயதுதான், ஒவ்வொன்றாக ஒவ்வொரு ராத்திரியும் எழுப்புவதற்குள் மொத்தமாக மாற்றிவிடுங்கள். வாடகை வீட்டில் இது உங்கள் வேலையே கிடையாது, மெயின்டனன்ஸுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், போனில் மட்டும் சொல்லாதீர்கள்.

போனில் பேசுகிற ஸ்மார்ட் மாடலுக்கு நூறு டாலருக்கு மேல் ஆகும். ராத்திரி கீச்சுக்குப் பதிலாக முன்கூட்டியே போனில் செய்தி வரும், ஊரில் இல்லாதபோது வீட்டில் அலாரம் அடித்தால் தெரியும், இவை உண்மையான லாபம். ஆனால் 2013-இல் வந்து பெயர் வாங்கிய நெஸ்ட் ப்ரொடெக்டை கூகுள் 2025 மார்ச்சில் நிறுத்துவதாக அறிவித்துவிட்டது, மாட்டியவை காலாவதியாகும் வரை ஓடும், அவ்வளவுதான். வயரும் இணைப்பும் ஏற்கனவே உள்ள வீட்டுக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பேன், அடிக்கடி பூட்டிவிட்டு இந்தியா போகிறவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம்.

கழற்றிய பழையதைக் குப்பையில் போடும் முன் ஒரு வேலை: மூடிய பேட்டரி மாடலின் பின்னால் ஒரு சின்னப் பூட்டு இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் அதைத் திருப்பி நிரந்தரமாக அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் குப்பைத் தொட்டிக்குள்ளிருந்தும் கீச்சிடும். லித்தியம் இருப்பதால் அதை மின்குப்பை சேகரிப்பில் கொடுப்பது நல்லது. அயனைசேஷன் ரகத்தைப் பெரும்பாலான ஊர்களில் வீட்டுக் குப்பையோடு போடலாம், சில மாநிலங்களில் தனி விதி இருக்கிறது, உங்கள் கவுண்டி இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள்.