டெனான் ஏவிஆர்-எக்ஸ்1700எச் ரிசீவர்: ஹாலில் மாட்டிக் கேட்ட பிறகு

சவுண்ட்பாரை விட்டு, தனித்தனி ஸ்பீக்கர்களை ஓட்டுகிற பெட்டியான ரிசீவருக்கு மாற நினைக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே குறைதான். சண்டைக் காட்சியில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, அடுத்த காட்சியில் இரண்டு பேர் மெதுவாகப் பேசினால் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை, படம் முடியும்வரை ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஏற்றுவதும் இறக்குவதுமாக உட்கார வேண்டியிருக்கிறது. நான் டெனான் ஏவிஆர்-எக்ஸ்1700எச் வாங்கியதும் இதற்காகத்தான். பேச்சைத் தெளிவாக்குகிறதா என்றால், ஆமாம். ஆனால் வயரைச் சொருகி ஆன் செய்தவுடனே அல்ல, செட்டிங்கில் கொஞ்சம் உட்கார்ந்த பிறகு.

முதலில் பெட்டியைப் பற்றி. 2021-ல் வந்த மாடல், 7.2 சேனல். உள்ளே ஏழு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, அதனால் சுற்றி ஏழு ஸ்பீக்கர் வைக்கலாம், இல்லையென்றால் சுற்றி ஐந்து, தலைக்கு மேல் இரண்டு என்று 5.1.2 அட்மாஸாக (நடுவில் உள்ள 1 அடிநாதத்துக்கான சப்வூஃபர், அட்மாஸ் என்றால் மேலிருந்தும் ஒலி வருகிற முறை) வைக்கலாம். சாதாரண ஹாலுக்கு இரண்டாவதுதான் என் ஓட்டு, ஏனென்றால் சோபா பின்சுவரை ஒட்டிக் கிடக்கிற வீட்டில் பின்னால் இன்னும் இரண்டு ஸ்பீக்கருக்கு இடமே கிடையாது. சப்வூஃபருக்கு இரண்டு அவுட் உண்டு, இரண்டிலும் போவது ஒரே சிக்னல்தான். '.2' என்று போட்டிருப்பதால் இரண்டு சப்வூஃபரையும் அது தனித்தனியாகச் சமாளிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சேனலுக்கு 80 வாட் என்று போட்டிருப்பது 8 ஓம் ஸ்பீக்கரில், இரண்டு சேனல் மட்டும் ஓடும்போது அளந்த கணக்கு. எல்லாம் சேர்ந்து ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் அத்தனை வராது. இது இந்த மாடலுக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை, பெரும்பாலான ரிசீவர்களின் அட்டைப்பெட்டியிலும் இப்படித்தான் போட்டிருப்பார்கள். அதற்காக 100 வாட் மாடலுக்குத் தாவ வேண்டுமா? ஒலி 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரண்டு மடங்காக வேண்டும், 80-க்கும் 100-க்கும் நடுவில் ஒரு டெசிபல் அளவுதான் வித்தியாசம், காதுக்குத் தெரிந்தால் பெரிய விஷயம். அதைவிட ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியை, அதாவது அதே வாட்டில் எவ்வளவு சத்தம் தருகிறது என்பதைப் பாருங்கள். 86 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 89 டெசிபல் ஸ்பீக்கர் எடுத்தாலே பாதி வாட்டில் அதே சத்தம் வந்துவிடும். கையில் உள்ள பணத்தில் பெரும்பகுதி ஸ்பீக்கருக்குப் போகட்டும், அதிலும் சென்டர் ஸ்பீக்கரில் கஞ்சத்தனம் வேண்டாம். படத்தில் வருகிற பேச்சு அநேகமாக முழுக்க அதிலிருந்துதான் வருகிறது. முன்னால் இடமும் வலமும் வைக்கிற ஸ்பீக்கர் எந்த வரிசையோ அதே வரிசையில் சென்டரும் இருந்தால், ஆள் திரையில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடக்கும்போது குரல் நடுவில் மாறாது.

சென்டரை டிவி ஸ்டாண்டின் தட்டுக்குள் ஆழமாகத் தள்ளி வைத்துவிட்டு பேச்சு மந்தமாக இருக்கிறது என்று சொன்னால் ரிசீவர் என்ன செய்யும்? ஸ்பீக்கரின் முன்பக்கம் தட்டின் விளிம்புக்கு வரும்படி இழுத்து வையுங்கள், முன்னால் அடியில் சின்ன ரப்பர் துண்டு கொடுத்து முகம் உங்கள் காதைப் பார்க்கும்படி லேசாகத் தூக்குங்கள். காசே செலவில்லாத வேலை, பலன் அந்த நிமிஷமே தெரியும்.

இனி ஆடிஸி, அதாவது மைக்கால் அறையை அளந்து ஸ்பீக்கர்களைச் சரிசெய்கிற வசதி. இந்த மாடலில் இருப்பது மல்ட்இக்யூ எக்ஸ்டி, 8 இடம் வரை மைக்கை வைத்து அளக்கும். மைக்குடன் மடித்து நிறுத்துகிற அட்டை ஸ்டாண்டும் வருகிறது, கேமரா ட்ரைபாட் இருந்தால் இன்னும் நல்லது. மைக் காது உயரத்தில், முனை கூரையைப் பார்த்து நிற்க வேண்டும். கையில் பிடிக்கக் கூடாது, சோபாவின் முதுகில் சாய்த்தும் வைக்கக் கூடாது. ஃபேன், ஏசி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். முதல் இடம் நீங்கள் வழக்கமாக உட்காருகிற இடமாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் ஸ்பீக்கர்களின் தூரமும் சத்த அளவும் அங்கிருந்துதான் கணக்கிடப்படுகின்றன. மற்ற இடங்களை அதைச் சுற்றி அரை மீட்டருக்குள் எடுங்கள், ஹாலின் மூலைக்கெல்லாம் மைக்கைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் 'விர்ர்ப்' என்று ஒரு சத்தம் வரும், அது முடியும்வரை அசையாமல் இருங்கள், குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

முடிந்ததும் பலர் அப்படியே மெனுவை மூடிவிடுகிறார்கள். அங்கேதான் மிச்ச வேலை இருக்கிறது. ஸ்பீக்கர் அளவுக்குப் போய்ப் பார்த்தால் முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று போட்டிருக்கக்கூடும். சப்வூஃபர் இருக்கும்போது அதை 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை (எந்த இடத்துக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அடிநாதத்தைச் சப்வூஃபர் எடுத்துக்கொள்ளும், ரிசீவரின் ஆம்ப்ளிஃபயருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். அப்புறம் சப்வூஃபரின் தூரம். டேப் வைத்து அளந்தால் மூன்று மீட்டர், மெனுவில் ஐந்து மீட்டர் என்று காட்டும். அதைத் தப்பு என்று நினைத்துத் திருத்தாதீர்கள், சப்வூஃபரின் உள்சர்க்யூட்டில் ஆகிற தாமதத்தையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. ஆனால் சப்வூஃபரின் லெவல் -12 என்று காட்டினால் சும்மா விடக் கூடாது. ரிசீவரால் அதற்குக் கீழே இறக்க முடியவில்லை என்று அர்த்தம், சப்வூஃபரின் பின்னால் உள்ள வால்யூம் திருகைக் குறைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

பேச்சுக் குறைக்கு மருந்து மூன்று இடத்தில் இருக்கிறது. சென்டர் லெவலை ஒன்று அல்லது இரண்டு டெசிபல் ஏற்றுங்கள், அதற்கு மேல் போனால் குரல் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இரவில் 'டைனமிக் வால்யூம்' போட்டால் சத்தமான இடம் அடங்கும், மெல்லிய இடம் எழும்பும், பகலில் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் படத்துக்கு உயிர் இருக்காது. மூன்றாவது 'டைனமிக் இக்யூ'. குறைந்த சத்தத்தில் கேட்கும்போது நம் காதுக்கு பாஸ் (அடிநாதம்) தேய்ந்துபோய்த் தெரியும், அதை ஈடுகட்டுகிற வசதி. எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அது பக்கவாட்டு ஸ்பீக்கர்களையும் சேர்த்தே தூக்கிவிடும், மழைக் காட்சியில் மழை கொஞ்சம் அதிகமாகவே பெய்யும். டிவி நிகழ்ச்சிகளுக்கும் பாட்டுக்கும் இந்தத் தூக்கலைக் குறைக்கிற ரெஃபரன்ஸ் ஆஃப்செட்டை 10 அல்லது 15 என்று வைத்தால் இது கட்டுக்குள் வருகிறது.

சப்வூஃபரை எங்கே வைப்பது என்று தெரியவில்லையா, அதைத் தூக்கி நீங்கள் உட்காருகிற இடத்திலேயே வைத்து, பாஸ் நிறைய உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எந்த இடத்தில் பாஸ் ஊதிப்போகாமலும் காணாமல் போகாமலும் சீராகக் கேட்கிறதோ அதுதான் சப்வூஃபருக்கான இடம்.

தலைக்கு மேல் ஸ்பீக்கர் விஷயத்தில் கூரையில் ஓட்டை போட்டுப் பதிக்க முடிந்தால் யோசிக்கவே வேண்டாம். கூரையைப் பார்த்து ஒலியை எறிந்து திருப்பி வாங்குகிற வகை, கூரை சமமாகவும் கெட்டியாகவும் இருந்தால்தான் வேலை செய்யும், சரிவான கூரைக்கு அது வீண்.

இணைப்பில் எச்டிஎம்ஐ உள்ளீடு ஆறு, அதில் மூன்று 4கே 120 ஹெர்ட்ஸையும் தாங்கும், கேம் கன்சோலை அந்த மூன்றில் ஒன்றில் சொருகுங்கள். டிவியிலேயே ஓடுகிற ஆப்புகளின் ஒலியை ரிசீவருக்குக் கொண்டுவர, டிவியில் 'இஏஆர்சி' அல்லது 'ஏஆர்சி' என்று எழுதியிருக்கிற அந்த ஒரு துளையில்தான் வயர் போக வேண்டும், பக்கத்துத் துளையில் போட்டால் படம் வரும், ஆப் ஒலி வராது. ஸ்ட்ரீமிங்கில் வருகிற அட்மாஸுக்குப் பழைய ஏஆர்சியே போதும். புளூ-ரே டிஸ்கில் உள்ள, தரம் குறையாத ஒலி வடிவமான ட்ரூஎச்டிக்கு அது பத்தாது, பிளேயரை நேராக ரிசீவரில் மாட்டிவிட்டால் அந்தக் கவலையும் இல்லை. எல்லாம் சரியாக இருந்தும் ரிசீவர் 'ஸ்டீரியோ' என்றே காட்டினால் டிவியின் ஒலி மெனுவைத் திறந்து பாருங்கள், டிவியே ஒலியைப் பிரித்து அனுப்புகிற 'பிசிஎம்' என்று கிடக்கும். அதை 'பாஸ்த்ரூ' அல்லது 'ஆட்டோ' ஆக்கினால் தீர்ந்தது.

படம் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. 65 அங்குலத் திரைக்கு இரண்டு மீட்டரிலிருந்து 2.7 மீட்டர் வரை நல்ல தூரம். டிவியில் 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் போடுங்கள், அசைவை வழவழப்பாக்குகிற மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள், அப்போது சினிமா, டிவி சீரியல் மாதிரி தெரியாது.

ரிசீவர் சூடாகும், மேலே செட்டாப் பாக்ஸை ஏற்றி வைக்காதீர்கள், மூடிய அலமாரியும் வேண்டாம். பிற்பாடு தனி பவர் ஆம்ப்ளிஃபயர் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இந்த மாடலை விட்டுவிடுங்கள், முன் ஸ்பீக்கர்களுக்கு, வெளி ஆம்ப்ளிஃபயருக்குச் சிக்னல் கொடுக்கிற ப்ரீ-அவுட் இதில் கிடையாது. ஆம்ப்ளிஃபயரிடம் அதிக மின்னோட்டம் கேட்கிற 4 ஓம் ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு பெரிய ஹாலை அதிரவைக்க நினைக்கிறவர்களுக்கும் இதே பதில்தான், ஒரு படி மேலே போய்ப் பாருங்கள்.