கிரவல் ரோட்டில் எட்டு வருசம்: அக்சியோ 161உம் அதன் கியர்பொக்ஸும்

2017 தை மாதம் இந்தக் காரை எடுத்தேன். 2013ஆம் ஆண்டு டொயோட்டா கொறோலா அக்சியோ, 1.5 லீற்றர் பெற்றோல், சி.வி.ரி என்ற வகை ஓட்டோ கியர். ஜப்பானில் ஓடிவிட்டு வந்த கார். எடுக்கும்போது மீற்றரில் 41,000 இருந்தது; இப்போது 118,000ஐத் தாண்டிவிட்டது. வீடு விசுவமடுவில், பரந்தன் - முல்லைத்தீவு ரோட்டிலிருந்து உள்ளே போகும் கிரவல் ஒழுங்கையில். வேலை கிளிநொச்சியில். காபெற் ரோட்டும் கிரவலும் தினமும் இதன் ரயருக்குக் கீழேதான்.

2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் திறந்த பிறகும் புதுக் காரின் விலை எங்களுக்கு எட்டவில்லை. அதனால் பழைய அக்சியோ தேடுகிறவர்கள் நிறையப் பேர். எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: ஓட்டோ எடுக்கலாமா, மனுவல் எடுக்கலாமா, பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் எடுக்கலாமா? நான் ஓட்டியதையும் பக்கத்தில் வைத்திருப்பவர்கள் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் இந்தக் காருக்குப் பெயரை விட இலக்கம்தான் பழக்கம். 141 என்றால் 2006இல் வந்த முதல் அக்சியோ. 161 என்றால் 2012இல் உருமாறி வந்தது. நீளத்தில் 50 மில்லிமீற்றர் குறைத்து, டொயோட்டாவின் சின்னக் காரான விட்ஸ் வகுப்புக் கார்களின் அடித்தளத்தில் கட்டினார்கள். 141 வைத்திருப்பவர்கள் இதைத்தான் குறையாகச் சொல்வார்கள்: "அது கொறோலா, இது வால் வைத்த விட்ஸ்." உட்கார்ந்து பார்க்காமல் சொல்லும் கதை இது. பின் சீற்றில் என் அம்மா கால் நீட்டி இருக்கிறார், 141இல் அப்படி இருக்க முடியவில்லை. ஒழுங்கையில் வளைக்கும்போது நீளம் குறைந்தது உதவிதான். உள்ளே பிளாஸ்ரிக் கொஞ்சம் மலிவாகத் தெரியும், அதை ஒத்துக்கொள்கிறேன். கிரவலில் தட்டும் சத்தமும் 141ஐ விடக் கூடுதலாக உள்ளே வரும்.

இனி கியர்பொக்ஸ். சி.வி.ரியில் பல்லுச்சக்கரம் மாறி மாறி விழுவதில்லை. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் இரும்புப் பட்டி ஓடுகிறது. கப்பிகள் அகன்றும் ஒடுங்கியும் வேகத்தை மாற்றுகின்றன. அதனால் கியர் விழும் அந்தச் சின்னத் தள்ளல் இருக்காது. ஏ-9இல் மாங்குளம் தாண்டிய நீட்டில் 70இல் பிடித்துக்கொண்டு போனால், கார் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத மாதிரி இருக்கும். லீற்றருக்கு 17 கிலோமீற்றர் வரை கிடைக்கும். கிளிநொச்சி ரவுணும் கிரவலும் கலந்தால் 13, 14. ஆனால் பஸ்ஸை முந்தப் போகும்போது பழக வேண்டும். அழுத்தினால் சத்தம் முதலில் வரும், ஓட்டம் பிறகுதான் வரும். எதிரில் ரிப்பர் லொறி வருகிறது என்றால் அந்த இரண்டு விநாடியைக் கணக்கில் எடுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். நான் இப்போது முந்துவதற்குக் கொஞ்சம் முன்னமே மெல்ல அழுத்தி வைத்துக்கொள்கிறேன். அப்படிச் செய்தால் பயமில்லை.

2019இல் ஒரு தொல்லை வந்தது. சிக்னலில் நின்று எடுக்கும்போது 20க்கும் 40க்கும் இடையில் கார் நடுங்கத் தொடங்கியது, காய்ச்சல்காரன் கை மாதிரி. கூடவே மெல்லிய ஊளைச் சத்தம். கேட்ட நாலு பேரும் "சி.வி.ரி அப்படித்தான், கியர் பெட்டி போய்விட்டது, மாற்று" என்றார்கள். நான் ஏறக்குறைய விற்கவே முடிவெடுத்துவிட்டேன். கடைசியாக, தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் காரை ஓட்டிப் பார்க்க முதலே கேட்டார்: "தம்பி, பெட்டிக்கு என்ன ஒயில் விட்டனீங்கள்?"

அதற்கு மூன்று மாதம் முன்பு வேறொரு கராஜில் சேர்விஸ் செய்திருந்தேன். பில்லை எடுத்துப் பார்த்தோம். "கியர் ஒயில்" என்று மட்டும் எழுதியிருந்தது. அண்ணை கீழே போய் ஆணியைக் கழற்றி வடியவிட்டார். வடிந்த ஒயிலில் ஒரு துளி, புது ரின்னிலிருந்து ஒரு துளி, இரண்டையும் ஒரு வெள்ளைக் கடதாசியில் பக்கம் பக்கமாக வைத்தார். என் காரில் இருந்தது தேயிலைச் சாயம் மாதிரி கறுத்து, நடுவில் மண்டி விழுந்தது. விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தால் கருகிய மணம். சாதாரண ஓட்டோ கியர் ஒயில்தான் விட்டிருக்கிறார்கள் என்றார். இரும்புப் பட்டி கப்பியை வழுக்காமல் பிடிக்க வேண்டும், அதே நேரம் தேயவும் கூடாது. அதற்கென்றே செய்த ஒயில் வேறு. என் காருக்குரியது சி.வி.ரி புளூயிட் எஃப்.ஈ. ஒருமுறை வடித்தால் முழுவதும் வராது, உள்ளே மிச்சம் நிற்கும். அதனால் வடித்து நிரப்பி, சில நாள் ஓடி, திரும்ப வடித்து நிரப்பினோம். இரண்டாவது முறைக்குப் பிறகு நடுக்கம் நின்றது. ஊளை கொஞ்ச நாள் இருந்து, பிறகு அதுவும் போனது. அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்றும் இல்லை.

இதை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் "சி.வி.ரி வேண்டாம்" என்று சொல்பவர்களில் பாதிப் பேரின் கதையைத் தோண்டினால் ஒயில் கதைதான் வருகிறது. பெட்டியில் பிழை இல்லை. அதற்குள் எதை ஊற்றினோம், எப்போது ஊற்றினோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கார் வாங்கப் போகும்போது பொனற்றைத் திறந்து என்ஜின் சத்தம் கேட்பதோடு நிற்காதீர்கள். கியர் ஒயில் மாற்றிய பில்லைக் கேளுங்கள்.

ஒட்டுசுட்டானில் இருக்கும் மச்சானிடம் 141, ஐந்து கியர் மனுவல். அவருக்கு வயல் வேலை. மாரியில் வரம்போரப் பாதையில் சக்கரம் புதைந்தால் முன்கியரும் பின்கியரும் மாற்றி மாற்றிப் போட்டு, ஆட்டி ஆட்டி வெளியே எடுத்துவிடுவார். அதே வேலையை நான் சி.வி.ரியில் செய்தால் ஒயில் சூடாகி பெட்டிக்குத்தான் கேடு. உடனே இறங்கி ஆள் பிடித்துத் தள்ளுவதே நல்லது. கிளச் தட்டு தேய்ந்தாலும் எந்தச் சின்ன கராஜிலும் மாற்றுவார்கள். வயலுக்குள் இறங்குகிறவர் மனுவல் தேடினால் நான் மறுத்துப் பேசமாட்டேன். கிடைப்பதுதான் கஷ்டம்.

ஹைபிரிட் அக்சியோ 2013 ஓகஸ்டில் வந்தது. அதன் பெட்டியில் பட்டியும் இல்லை, கிளச்சும் இல்லை. பல்லுச்சக்கரத் தொகுதி ஒன்றும் இரண்டு மின் மோட்டர்களும்தான். ஜப்பான் சோதனையில் லீற்றருக்கு 33 கிலோமீற்றர் என்று போட்டிருந்தார்கள். வவுனியாவில் ஹயர் ஓடும் ஒரு தம்பிக்கு 23, 24 கிடைக்கிறது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூ.ஆர் முறையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் கொடுத்த காலத்தில் நான் யாழ்ப்பாணம் போவதையே எண்ணி எண்ணிப் போனேன். அவர் ஹயர் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டுதான் இருந்தார்.

ஆனால் அவர் எனக்குக் காட்டிய ஒன்றைச் சொல்லவேண்டும். ஹைபிரிட் பற்றரி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்று சீற் பக்கத்துத் துவாரம் வழியாகக் காருக்குள்ளிருந்துதான் போகிறது. அந்த மூடியைக் கழற்றினார். உள்ளே செம்மண் தூசி கம்பளித் துணி மாதிரி தடித்துப் படிந்திருந்தது, விரலால் உரித்து எடுக்கலாம். "ஆறு மாதத்துக்கு ஒருக்கா கழுவுறன் அண்ணை, இல்லாட்டி பற்றரி வெந்திடும்" என்றார். கண்ணாடியைத் திறந்துவிட்டு கிரவலில் ஓடும் பழக்கம் உள்ளவர்கள் ஹைபிரிட் எடுத்தால் இதை மறக்கவே கூடாது. இன்னொன்று, மெதுவாகப் போகும்போது அதன் சத்தம் மிகக் குறைவு. மாரியில் இரவில் சூட்டுக்காக ரோட்டில் படுத்திருக்கும் மாடுகள் அதற்கு எழும்பாது. ஹோர்ன் அடித்துத்தான் எழுப்ப வேண்டும்.

என்னுடன் வேலை செய்யும் ஒருவரிடம் ஹொண்டா கிரேஸ் ஹைபிரிட். ஏழு கியர், இரட்டைக் கிளச். ஏ-9இல் இழுவை என்றால் அதுதான், என் கார் பக்கத்திலும் வராது. ஆனால் ஊர்ந்து போகும் நெரிசலில் கிளச்சை அரைகுறையாகப் பிடித்தபடி நீண்ட நேரம் ஓடவிடாமல், இடைவெளி விட்டு ஒரேயடியாக எடுத்துப் போகச் சொல்கிறார். எங்கள் ஊரில் நெரிசல் என்பது திருவிழாவிலும் பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும்தானே. அவருக்கு அது சரி.

எனக்கு இந்த 161 போதும். பெட்டி ஒயிலை 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். அடுத்தது 120,000இல். கராஜை நம்பி இருக்காமல் எஃப்.ஈ ரின்னை நானே வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன். ஊற்றும்போது பக்கத்தில் நிற்பேன்.