15 யூனிட் பேட்டரி போடச் சொன்னார்கள், 5 யூனிட் வாங்கினேன்

கூரையில் 10 சோலார் தகடு. மழை விட்டு வெயில் பளீரென்று அடிக்கிறது. வீட்டுக்குள் ஒரு காற்றாடிகூடச் சுற்றவில்லை. எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) பக்கம் முழுக்க மின்சாரம் இல்லை. எதிர்வீட்டுக்காரர் வந்து, "உங்களுக்குத்தான் சோலார் இருக்கே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்விதான் என்னைப் பேட்டரி வாங்க வைத்தது. வாங்கிய கடையைப் பற்றிய விமர்சனம் இது.

பேட்டரி இல்லாத சாதாரண சோலார் இன்வெர்ட்டர் (தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி), மின்சார நிறுவனமான தெனாகாவின் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவர் மேல் நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. 2023ல் தகடு மாட்டியவர் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்குப் பேட்டரி தேவைப்பட்டது மூன்று காரியத்துக்கு. குளிர்பெட்டியில் என் வீட்டுக்காரியின் இன்சுலின் இருக்கிறது. 84 வயது அம்மாவுக்கு நெபுலைசர் வேண்டும். இரவில் காற்றாடி ஓடாவிட்டால் யாருக்கும் தூக்கம் வராது. ஆனால் ஈப்போவிலிருந்து வந்த விற்பனையாளர் இதில் எதையும் கேட்கவில்லை. "மாதம் பில் எவ்வளவு வரும் ஐயா?" என்றார். சொன்னேன். கைப்பேசியில் எதையோ தட்டி, 15 யூனிட் (கிலோவாட் மணி) பேட்டரி, இன்வெர்ட்டரோடு 27,000 மலேசிய வெள்ளி என்றார். பில்லும் மிச்சமாகுமாம்.

இந்த மிச்சக் கதையை நான் நம்பவில்லை. நான் நெம் ரக்யாட் என்ற வீட்டுச் சோலார் திட்டத்தில் சேர்ந்தவன். பகலில் நான் தெனாகா கம்பிக்குக் கொடுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஈடாக இரவில் எடுக்கும் ஒரு யூனிட் கழிந்துவிடும். 10 வருட ஒப்பந்தம். அதாவது தெனாகாவே எனக்கு இலவசப் பேட்டரி. அப்படியிருக்க, 27,000 போட்டு எந்தக் காசை மிச்சம் பிடிப்பது? மின்வெட்டுக்கு மட்டும் ஒரு பேட்டரி போதும் என்று முடிவு செய்தேன்.

அப்புறம் எங்கள் ஊர்ப் பெரிய சாலையில் இருக்கும் சின்னக் கடைக்குப் போனேன். இந்த விமர்சனம் அந்தக் கடையைப் பற்றியதுதான். முன்னால் காற்றாடி, விளக்கு விற்பார்கள். பின்னால் சோலார் வேலை. அங்கிருந்த தம்பி கேட்ட முதல் கேள்வி, "மின்சாரம் போனா எதெல்லாம் ஓடணும் அங்கிள்? எத்தனை மணி நேரம்?" அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நான் தோட்டத்தில் 31 வருடம் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவன். செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவேடு) எழுதிய கை சும்மா இருக்குமா? தம்பி இரவல் கொடுத்த, பிளக்கில் செருகிப் பார்க்கும் மின் அளவியை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் ஒவ்வொன்றாக அளந்து நோட்டில் எழுதினேன். மாலை 7 முதல் காலை 7 வரை கணக்கு இப்படி வந்தது. குளிர்பெட்டி 0.6 யூனிட். 65 வாட் காற்றாடி மூன்று, பத்து மணி நேரம்: ஏறக்குறைய 2 யூனிட். விளக்கு, டிவி, வைஃபை, நெபுலைசர் எல்லாம் சேர்ந்து முக்கால் யூனிட்கூட இல்லை. மொத்தம் 3.3 யூனிட்.

நோட்டைப் பார்த்த தம்பி, இரண்டு விஷயம் விட்டுப்போச்சு என்றார். பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும்போது கொஞ்சம் வீணாகும், அதற்கு 0.3 யூனிட். இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்கவே 50 வாட் தின்னும். 12 மணி நேரத்துக்கு 0.6 யூனிட். ஆக 4.2. பேட்டரியின் அளவு 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி. பெருக்கினால் 5.12 யூனிட். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை என்பதால் அதில் 90 சதவீதம்வரை எடுக்கலாம்: 4.6. போதும், ஆனால் இழுத்துப் பிடித்தாற்போலத்தான். பழைய ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து விலையை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

ஏர்கோன் வேண்டுமா என்று கேட்டார். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் மணிக்கு ஏறக்குறைய அரை யூனிட் எடுக்கும். ராத்திரி முழுக்க ஓட்டினால் இன்னொரு பேட்டரியே வேண்டும். வேண்டாம் என்றேன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் நான் வளர்ந்த காலத்தில் இரவு 10 மணிக்கு மின்சார எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். மின்வெட்டு ராத்திரியில் காற்றாடி ஓடினாலே எனக்குச் சொர்க்கம்.

பேட்டரி, பேட்டரியோடும் சேர்ந்து ஓடும் புது ஹைபிரிட் இன்வெர்ட்டர், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து 11,800 வெள்ளி. பழைய இன்வெர்ட்டர் பேட்டரியோடு சேராது என்பதால் அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. அது மட்டும் இன்னும் வயிற்றெரிச்சல். 2023லேயே ஹைபிரிட் போட்டிருந்தால் இந்தச் செலவு வந்திருக்காது.

இனி குறைகள். பேட்டரியை முன்வாசல் மேற்குச் சுவரில் மாட்டத் துளை போடக் கிளம்பினார்கள். பிற்பகல் 3 மணிக்கு அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும் என்பது கடைக்காரருக்குத் தெரியாதா? நான் கத்திய பிறகுதான் சாமான் அறைக்கு மாற்றினார்கள்.

அடுத்தது கெட்டில் விவகாரம். மின்வெட்டின்போது ஓடும் சுற்றைத் தனியாகப் பிரித்தார்கள், நல்லது. ஆனால் சமையலறைப் பிளக்கையும் தண்ணீர்ப் பம்பையும் அதில் சேர்த்துவிட்டார்கள். முதல் மின்வெட்டில், விடியற்காலை அம்மா காப்பிக்குத் தண்ணீர் வைத்தார். கெட்டில் 2,200 வாட். அதே நேரம் தண்ணீர்ப் பம்பு கிளம்பியது. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப் போல் சில மடங்கு இழுக்கும். எங்கள் பேட்டரி தொடர்ந்து தரக்கூடியது 2.5 கிலோவாட்தான். பட்டென்று எல்லாம் அணைந்தது. பேட்டரியில் 60 சதவீதம் மிச்சம் இருந்தும் வீடு இருட்டு. எவ்வளவு தேக்கி வைக்கும் என்பது ஒரு கணக்கு, ஒரே நேரத்தில் எவ்வளவு கொடுக்கும் என்பது வேறு கணக்கு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மூன்று முறை கூப்பிட்ட பிறகு, இரண்டு வாரம் கழித்து வந்து இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். பம்பையும் கெட்டிலையும் வெளியே எடுத்தாயிற்று. இப்போது மின்வெட்டில் அம்மாவுக்கு அடுப்பில்தான் காப்பி. அந்தக் காப்பிதான் ருசி என்கிறார்.

உண்மையான பரீட்சை சென்ற மாதம் வந்தது. இரவு 7.15க்குப் போன மின்சாரம் அதிகாலை 4.15க்குத்தான் வந்தது. 96 சதவீதத்தில் தொடங்கிய பேட்டரி 29ல் நின்றது. நோட்டில் போட்ட கணக்கும் அதுவும் ஒத்துப்போனது. வெகுநாளைக்குப் பிறகு செக்ரோல் சரியாக வந்த சந்தோஷம்.

இப்போது புதிதாகச் சோலார் போடுகிறவர்கள் என் அளவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நெம் திட்டம் 2025 ஜூனோடு முடிந்து, 2026 ஜனவரியில் சோலார் அதாப் என்ற புதுத் திட்டம் வந்துவிட்டது. அதில் கம்பிக்குக் கொடுத்த மின்சாரத்துக்கு மிச்சமாகும் வரவு அடுத்த மாதத்துக்குத் தொடராது. அவர்களுக்குப் பேட்டரி இரவுச் செலவுக்கே உதவும். அப்போது வீடு முழுவதுமான இரவுக் கணக்கைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் மாலை 7க்கும் காலை 7க்கும் தெனாகா மீட்டரை எழுதிவைத்துக் கழித்துப் பாருங்கள். எதிர்வீட்டுக்காரர் அப்படிப் பார்த்ததில் சராசரி 7 யூனிட் வந்தது. அவருக்கு இரண்டு பேட்டரி, 10 யூனிட், சரியாக இருக்கும்.

கடைக்கு என் மதிப்பெண் 5க்கு 4. அந்த ஒன்றை ஏன் பிடித்து வைத்திருக்கிறேன் என்றால், 10 வருட உத்தரவாத அட்டையில் பேட்டரியின் வரிசை எண்ணை எழுதாமல் கொடுத்துவிட்டார்கள். இன்று காலையும் கூப்பிட்டேன். "நாளைக்குக் கண்டிப்பா அனுப்பிடறேன் அங்கிள்" என்றார் தம்பி.