வேலூரிலிருந்து ஒரே நாளில் கடலோரம்: பழவேற்காடா, மாமல்லபுரமா, பிச்சாவரமா?

தை பிறந்து காணும் பொங்கல் கூட்டம் அடங்கியதும் எங்கள் வீட்டில் கடலுக்குப் போகிற பேச்சு ஆரம்பித்துவிடும். மெரினாவில் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புகிற பயணம் இல்லை. தண்ணீர், மரம், பறவை, பிராணி எல்லாம் இருக்க வேண்டும், விஷயம் தெரிந்த ஒருவர் கூட நின்று காட்ட வேண்டும், ராத்திரி வேலூர் சத்துவாச்சாரிக்குத் திரும்பி நம் வீட்டிலேயே படுக்க வேண்டும். இப்படி மூன்று பக்கம் போய் வந்திருக்கிறோம்: பழவேற்காடு, மாமல்லபுரத்தை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலை, பிச்சாவரம். எது நல்லது என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அங்கே போனால் யார் உங்களுக்குக் காட்டப்போகிறார்கள்? இடத்தைவிட அந்த ஆள்தான் முக்கியம் என்பதை நாங்கள் ஒரு நாளைத் தொலைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

தொலைத்தது பழவேற்காட்டில். ஊரில் ஒரு டிராவல்ஸ்காரர் ‘வழிகாட்டியோடு பூநாரை (ஃபிளமிங்கோ) டூர்’ என்று ஆள் சேர்த்தார், நாங்களும் அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு வேனில் ஏறினோம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, வழியில் டிபனுக்கு ஒரு மணி நேரம், ஒரு கோயிலில் ஒரு மணி நேரம் நின்று, ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டரை. உச்சி வெயிலில் தண்ணீருக்கு மேலே காற்றே நடுங்கியது, தூரத்தில் வெளிறிய கோடு ஒன்று தெரிந்தது. வழிகாட்டி என்று வந்த பையன் கையை நீட்டி “அதான் பூநாரை” என்றான். அவ்வளவுதான். என் மகள் அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அது பறவையாப்பா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

இத்தனைக்கும் பழவேற்காடு அப்படிப்பட்ட இடம் இல்லை. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி அது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு சுவர் போலக் கிடக்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், நம் பக்கம் இருப்பது தெற்கு ஓரம். (ஆரணியாறு இதில் வந்து சேர்கிறது என்றதும் அம்மா நம்ம ஆரணி என்று நினைத்துவிட்டார். அது வேறு, பிச்சாட்டூர் பக்கமிருந்து வருகிற ஆறு.) தண்ணீர் ஆழமில்லாமல் பரந்து கிடப்பதால்தான் பூநாரை வருகிறது. அதற்கு நீந்த வேண்டியதில்லை, நின்று சேற்றைக் கிளறினால் போதும்.

மறு வருஷம் யாரையும் நம்பாமல் நாங்களே ராத்திரி இரண்டரைக்குக் காரில் கிளம்பினோம். அரக்கோணம், திருவள்ளூர், பொன்னேரி வழி. பறவை பார்ப்பவர்களோடு வழக்கமாகச் சுற்றும் மீனவர் ஒருவரிடம் முன்பே பேசி வைத்திருந்தோம், அவர் எங்களை அண்ணாமலைச்சேரி பக்கம் கரையோரம் நடத்திக் கூட்டிப்போனார். ஏழு மணி வெயில் முதுகுப் பக்கம் விழும்படி எங்களை நிற்க வைத்தார். அந்த ஒரு விஷயத்தில் எல்லாமே மாறிவிட்டது. தொலைநோக்கியில் பூநாரையின் வளைந்த அலகு, அதன் கறுப்பு நுனி வரை தெரிந்தது. தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, கால்களால் சேற்றை மாற்றி மாற்றி மிதிக்கிறது, நெல் அவிக்கிற இடத்தில் பெண்கள் காலால் தள்ளிப் பரப்புவார்களே, அந்த மாதிரி. சாம்பல் நிறத்தில் சிலது நின்றன, அவை இளசுகள். தின்கிற பாசியிலும் சின்ன இறால் வகைகளிலும் உள்ள நிறமிதான் இறகில் ஏறுகிறது, வயதாக ஆகச் சிவக்கும் என்றார் அவர்.

படகு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. கரையில் யாராவது “வாங்க சார், முகத்துவாரம் வரைக்கும் போய்ட்டு வரலாம்” என்று கூப்பிட்டால் ஏறாதீர்கள். பூநாரைக்குப் படகே தேவையில்லை. கரையிலிருந்தே பார்க்கலாம், இல்லையென்றால் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் குறுக்கேயே போகிறது, ஓரமாக வண்டியை நிறுத்திப் பார்க்கலாம். ஊருக்குள் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது, வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு நிற்கிறது. 1613 வாக்கில் அவர்கள் இங்கே கோட்டை கட்டி வியாபாரம் நடத்தியவர்கள். ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள். மற்றபடி நிழல் குறைவு, நல்ல கழிப்பிடம் குறைவு. வயதானவர்களைக் கூட்டிப்போனால் சிரமப்படுவார்கள்.

அந்தச் சிரமம் இல்லாத இடம் மாமல்லபுரம் பக்கம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று போனால் ஏறத்தாழ 135 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஐந்து மணிக்குக் கிளம்பினாலே போதும். மூன்றில் இதுதான் எளிது, செலவும் குறைவு. கடற்கரைக் கோயிலுக்கு அரசு உரிமம் உள்ள வழிகாட்டிகள் கிடைப்பார்கள், பிராணிகளுக்கு வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. 1976ல் ராமுலஸ் விட்டேகர் தொடங்கியது. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிடாதீர்கள், திங்கள் அன்று போய்க் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். மரநிழல், சமதளப் பாதை, உட்காரத் திண்ணை எல்லாம் இருப்பதால் முட்டிவலி உள்ள என் அம்மா முழுதும் நடந்து பார்த்தார். வாயைத் திறந்தபடி அசையாமல் கிடக்கும் முதலையைப் பார்த்து பொம்மை என்று சிலர் எதையாவது எறிகிறார்கள். அது உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான் வாயைத் திறந்து வைத்திருக்கிறது. குழந்தைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

ஆனால் இங்கே என் மனசில் நின்றது முதலை இல்லை, பக்கத்திலேயே இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978ல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கிலிருந்தும் விஷம் எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் போகிற விஷத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான். எங்கள் பக்கத்தில் நிலத்தில் வேலை செய்கிறவர்கள் கடிபட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது அவர்கள் உடம்பில் ஏறுகிற மருந்தின் தொடக்கம் இந்தக் கைகள். இந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒருவர் விரியனின் தலையைப் பிடித்து, வாய் கட்டிய சின்ன ஜாடியில் அதன் பல்லைப் பதிய வைத்தார், மஞ்சளாக நாலைந்து துளி இறங்கியது. சுற்றி நின்ற யாரும் பேசவில்லை.

நேரம் இருந்தால் மாமல்லபுரத்திலிருந்து தெற்கே கல்பாக்கம் தாண்டி வாயலூர் வரை போங்கள். அங்கேதான் நம் பாலாறு கடலில் சேர்கிறது. காட்பாடிப் பாலத்தின் கீழே வெறும் மணலாகப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஆறு, மழை பெய்த வருஷத்தில் அங்கே அகலமாகத் தண்ணீரோடு நிற்கிறது, மேலே ஆலாப் பறவைகள் பறந்து விழுந்து மீன் பிடிக்கின்றன. என் அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக் கும்பிட்டார்.

இந்தப் பக்கத்தில் குறை என்றால், பிராணிகள் பெரும்பாலும் வேலிக்குள். முட்டுக்காடு படகுத் துறையில் படகு உண்டு, இயந்திரச் சத்தமும் கூட்டமும்தான் அங்கே அதிகம், காட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது சரிவராது.

இப்போது பிச்சாவரம், கடலோர அலையாத்திக் காடு. தூரம் அதிகம். கண்ணமங்கலம், போளூர், திருவண்ணாமலை, விழுப்புரம், சிதம்பரம் என்று போக வேண்டும், ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினால்தான் எட்டரைக்குப் படகுத் துறையில் நிற்க முடியும். அப்படியும் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை இருக்கிறது, சீட்டு எடுத்து, உயிர்காப்பு உடை போட்டுத்தான் ஏற்றுவார்கள். மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு துடுப்புப் படகைக் கேளுங்கள். மோட்டார் படகு அகலமான வாய்க்காலில் சுற்றிவிட்டு வந்துவிடும், சத்தத்தில் பறவை எழுந்து போய்விடும். துடுப்புப் படகுதான் கிளைகள் தலைக்கு மேல் கூரையாகக் கவிந்த ஒடுக்கமான வாய்க்காலுக்குள் நுழையும். உள்ளே போனதும் வெளிச்சம் பச்சையாகிவிடுகிறது. துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் தவிர வேறு எதுவும் இல்லை.

எங்களுக்கு வந்த படகுக்காரர் பெரியவர், அதிகம் பேசாதவர். சுரபுன்னை முட்டுக்கொடுத்த மாதிரி நாலா பக்கமும் வேரை ஊன்றி நிற்கிறது. அதன் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரி தொங்குகிறது, அப்படியே விழுந்து சேற்றில் குத்தி நின்றுகொள்ளுமாம். வெண்கண்டலின் வேர்கள் பென்சில் நட்டது போலச் சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன, மூச்சு விடுவதற்காக. அவர் படகை நிறுத்தி ஒரு வெண்கண்டல் இலையைப் பறித்துத் திருப்பி என் மகளிடம் கொடுத்தார். “நாக்குல வச்சுப் பாரு பாப்பா.” அவள் வைத்துப் பார்த்துவிட்டு “உப்பு!” என்று கத்தினாள். உறிஞ்சிய கடல்தண்ணீரின் உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது, வெயிலில் அது பொடியாகப் படிந்து நிற்கிறது. இன்னொரு மரத்தை நோக்கி அம்மா கையை நீட்டியபோது மட்டும் சட்டென்று தடுத்தார். “தொடாதீங்கம்மா, அது தில்லை. பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்.” சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே இந்த மரத்தால்தான் என்றதும், அம்மா தொடாமலே ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச தூரத்தில் கழுத்தளவு தண்ணீரில் சில பெண்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. பறிக்கூடையை வாயால் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களும் இருளர்கள். வடநெம்மேலியில் பார்த்ததும், இங்கே பார்த்ததும் ஒரே மக்களின் கைவேலை என்பது எனக்குப் படகில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்த காடு இது. ஒரு காலத்தில் மொத்தமாக வெட்டியதில் தரை பள்ளமாகித் தண்ணீர் தேங்கி, உப்பேறி, பெரும்பகுதி மொட்டையாகிவிட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, கடல் தண்ணீர் ஏறி இறங்க வழி செய்து, மறுபடி நட்டு வளர்த்தார்கள். 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு. அலையாத்தி என்ற பெயர் சும்மா வரவில்லை. 2022ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

இங்கேயும் தொந்தரவு உண்டு. தண்ணீர் வற்றி இறங்குகிற நேரத்தில் ஒடுக்கமான வாய்க்காலில் படகு சேற்றில் உரசும், அதனால் சீட்டு எடுக்கும்போதே உள் வாய்க்கால் போக முடியுமா என்று கேளுங்கள். அப்புறம், பூநாரைக் கூட்டம் மாதிரி ஒரே பார்வையில் ஆயிரம் பறவை இங்கே கிடைக்காது. ஒரு நாரை, இரண்டு நீர்க்காகம், மீன்கொத்தி என்று ஒவ்வொன்றாகத்தான் வரும், பொறுமை வேண்டும்.

கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமை என்கிற கடலாமையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் நடத்தும் ஆமை நடை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, நள்ளிரவில். அருமையான விஷயம்தான், ஆனால் பகல் பயணத்தில் அடங்காது, சென்னையில் தங்கியாக வேண்டும்.

சரி, யார் எங்கே போகலாம்? கைக்குழந்தையும் எழுபது தாண்டியவர்களும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாமல்லபுரம். பறவைப் பைத்தியம் பிடித்த காலேஜ் பிள்ளைகள் நாலு பேர், தொலைநோக்கி இருக்கிறது, ராத்திரி வண்டி ஓட்டத் தெம்பு இருக்கிறது என்றால் பழவேற்காடு, தை மாசி இரண்டு மாதத்துக்குள். எட்டு வயது தாண்டிய பிள்ளைகளும், நீண்ட பயணம் தாங்குகிற பெரியவர்களும் இருந்தால் பிச்சாவரம். மூன்றுக்குமே ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். புயல் சின்னம் ஒன்று வந்தால் படகும் இல்லை, சாலையும் இல்லை. டிராவல்ஸில் போவதாக இருந்தால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள்: தண்ணீர் ஓரத்தில் எத்தனை மணிக்கு நிற்போம், அங்கே காட்டப்போகிறவர் எந்த ஊர்க்காரர்? இரண்டாவதற்கு அந்தக் கரையைச் சேர்ந்த ஒருவரைச் சொல்லவில்லை என்றால் அந்த வேனில் ஏறாதீர்கள்.

வரும் தை கடைசியில் நாங்கள் மறுபடி பிச்சாவரம்தான். புளிசாதம் அம்மா கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மகள் அந்த உப்பு இலையைத் தன் தோழிக்குக் காட்ட வேண்டுமாம், அதனால் காரில் இந்தத் தடவை ஒரு ஆள் கூடுதல்.