மெஸ்ஸில் மூன்று வருட பிஎல்டிசி ஃபேன்: பில் குறைந்தது, ரிமோட்தான் பாடாய்ப் படுத்துகிறது

போன வாரம் எங்கள் மெஸ்ஸின் பிஎல்டிசி ஃபேன்களில் (காந்த மோட்டார் வைத்த, கரண்ட் குறைவாக இழுக்கும் ஃபேன்) ஐந்தாவது போர்டு, அதாவது மோட்டாரை ஓட்டும் எலக்ட்ரானிக் சர்க்யூட், மாற்றியாயிற்று. அதே வாரம் மெஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "அண்ணே, பழைய ஃபேன் பதினாறையும் கழற்றிவிட்டு பிஎல்டிசி போடலாமா?" என்று கேட்டார். இரண்டு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் 14 ஃபேன், எல்லாம் 1200 மி.மீ., 5 ஸ்டார், ரிமோட் மாடல். ஒரு நாளைக்குச் சராசரியாக 14 மணி நேரம் ஓடுகின்றன. மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது, 28 வாட், 30 வாட் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் காசு. பழைய ஃபேன் வாட் மீட்டரில் 76 காட்டியது, புதியது முழு வேகத்தில் 31. ஒரு ஃபேனுக்கு 45 வாட் மிச்சம். 14 ஃபேன், 14 மணி நேரம், 60 நாள் என்று பெருக்கினால் ஒரு பில்லுக்கு 529 யூனிட் வரும். கடைக்காரர் சொல்லும் கணக்கு இதுதான். ஆனால் எல்லா ஃபேனும் எப்போதும் முழு வேகத்தில் ஓடுவதில்லை. பில்லில் உண்மையில் குறைந்தது 400 யூனிட் அளவுதான். வணிக இணைப்புக்கு யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 4,000 ரூபாய். ஃபேன் ஒன்று 3,000, மொத்தம் 42,000. ஆக 21 மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிட்டது. அதன்பின் வருவது லாபம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கு பழைய 75 வாட் ஃபேனை மாற்றுகிறவருக்கு மட்டும் பொருந்தும். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம். அப்போது வந்த விதிப்படி 1200 மி.மீ. ஃபேன் 1 ஸ்டார் வாங்கவே ஒரு வாட்டுக்கு நிமிடத்துக்கு 4 கன மீட்டர் காற்று தர வேண்டும், 5 ஸ்டாருக்கு 6. அதனால் இன்று கடையில் 1,700 ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண ஃபேனும் 50 வாட் பக்கம்தான் இழுக்கும். புதுக் கடை திறப்பவர் அதையும் பிஎல்டிசியையும் ஒப்பிட்டால் வித்தியாசம் 20 வாட்தான். முழு வேகத்திலேயே ஓட்டினாலும் கூடுதல் 1,300 ரூபாய் திரும்ப 16 மாதம் ஆகும். அப்போதும் லாபம்தான். ஆனால் "ஆறே மாதத்தில் காசு திரும்பிவிடும்" என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். லேபிளில் வாட்டை மட்டும் பார்த்து ஏமாறவும் வேண்டாம். காற்றின் அளவு நிமிடத்துக்கு 210 கன மீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பில்லைவிட மனதுக்கு நிறைவு தந்தது இன்வெர்ட்டர்தான். 150 ஆம்பியர் ஹவர், 12 வோல்ட் பேட்டரி ஒன்றில் நிஜமாக எடுக்க முடிவது 1,100 வாட் ஹவர் போல. எட்டுப் பழைய ஃபேன் 600 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பேட்டரி படுத்துவிடும். எட்டுப் புதிய ஃபேன் 240 வாட்தான், நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கரண்ட் போனால் ஜெனரேட்டரைத் தட்டி எழுப்ப வேண்டியதில்லை. டீசல் செலவும் புகையும் சத்தமும் மிச்சம். மாலையில் வோல்டேஜ் 190க்கு இறங்கினாலும் வேகம் மாறுவதில்லை. ஃபேன் தின்னும் கரண்ட் முழுவதும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் சேரும் என்பதால், 14 ஃபேனில் 630 வாட் சூடும் குறைந்திருக்கிறது. ஏசி ஹால் வைத்திருப்பவர்களுக்கு இது தனி ஆதாயம். வருடத்துக்கு 2,400 யூனிட் மிச்சம் என்றால், நம் மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்ற கணக்கில் 1.7 டன் குறைகிறது. ஒரு சின்ன மெஸ்ஸுக்கு இது பெரிய விஷயம். இதை நான் உண்மையாகவே மதிக்கிறேன்.

இவ்வளவு நல்ல மோட்டாரைச் செய்தவர்கள் அதை ஏன் ஒரு ரிமோட்டில் கொண்டுபோய்க் கட்டினார்கள் என்பதுதான் மூன்று வருடமாக ஆறாத கோபம்.

வீட்டில் ஒரு அறைக்கு ஒரு ஃபேன், ஒரு ரிமோட். அங்கே பிரச்சினை இல்லை. கூடத்தில் 14 ஃபேன் ஒரே வகை அகச்சிவப்பு ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டவை. மூன்றாவது மேசைக்காரர் "இலை பறக்குது, கொஞ்சம் குறைங்க" என்கிறார். பட்டனை அமுக்கினால் அவர் தலைக்கு மேல் இருப்பதோடு பக்கத்து இரண்டும் சேர்ந்து குறைகின்றன. அடுத்த மேசையில் வியர்க்கிறது. அதைக் கூட்டினால் இங்கே மறுபடி இலை பறக்கிறது. ரிமோட் கல்லாவில் இருக்கும், சப்ளையர் கையில் சாம்பார் வாளி இருக்கும். முன்பெல்லாம் வாடிக்கையாளரே எழுந்து சுவரில் ரெகுலேட்டரைத் திருகிவிட்டு உட்காருவார். இப்போது கூப்பிட்டுக் காத்திருக்கிறார். சாப்பிட வந்தவரைக் காற்றுக்காகக் காக்க வைப்பது எந்த மிச்சத்திலும் சேராது.

ரிமோட்டில் நிறுத்திய ஃபேன் சுவிட்சைப் போட்டாலும் ஓடாது. காலையில் வரும் பையன் ஃபேன் கெட்டுவிட்டது என்று சொல்கிறான். ரிமோட்டில் நிறுத்தி சுவிட்சை அப்படியே விட்டால் போர்டு இரவெல்லாம் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் கடை மூடும்போது ஃபேன்களை ஓடவிட்டபடியே சுவிட்சில் அணைக்கச் சொல்லிவிட வேண்டும்.

இதற்குச் செய்து பார்த்ததில் பலன் தந்தவை சில. ஃபேனின் அடிக்கோப்பையில் ரிமோட் சிக்னல் வாங்கும் கண் இருக்கும். அதைச் சுற்றி 3 செ.மீ. நீளத்துக்குக் கறுப்பு டேப்பைக் குழாய் மாதிரி ஒட்டினால் நேர் கீழே நின்று அமுக்கினால் மட்டும் வேலை செய்யும். பக்கத்து ஃபேன் தொந்தரவு பெரும்பாலும் தீர்ந்தது. சமையலறைப் பக்கத்து ஃபேன்களில் எண்ணெய்ப் புகை கண்ணில் படிந்து ரிமோட் எடுக்காமல் போகும். மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீர் தொட்டுப் பிழிந்த துணியால் துடைத்தால் சரியாகிவிடும். இறக்கையையும் அதோடு துடைத்துவிடுங்கள். சாதாரண ஃபேனில் தூசி படிந்தால் வேகம் குறையும். இதில் போர்டு வேகத்தைப் பிடித்து நிறுத்துவதால் வாட் ஏறும், 31 இருந்தது 34 ஆகிறது. ரிமோட்டைத் தூணில் ஸ்டாண்டு வைத்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள். மூன்று வருடத்தில் ஒன்பது ரிமோட் தொலைந்தது, ஒன்று 250 ரூபாய்.

அடுத்தது போர்டு. சாதாரண ஃபேன் ஓடாவிட்டால் பெரும்பாலும் கெபாசிட்டர், சில பத்து ரூபாயில் முடியும். இதில் போர்டு 800 ரூபாய், அதுவும் அதே மாடல் போர்டுதான் வேண்டும். ஐந்தில் ஒன்று போனதற்குக் காரணம் எலக்ட்ரீஷியன் பழைய ரெகுலேட்டரைக் கழற்றாமல் முழுதாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனது. யாரோ அதைக் குறைத்திருக்கிறார்கள். போர்டுக்குப் போதுமான வோல்டேஜ் போகாமல் நின்று நின்று ஓடிக் கருகியது. ரெகுலேட்டரை எடுத்துவிட்டு இரண்டு வயரையும் கனெக்டரில் சேர்த்து, அந்த இடத்தில் வெற்றுத் தகடு போட வேண்டும்.

மற்ற நாலும் நியூட்ரலால் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) போனவை. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் லூசானால் லோடு குறைவான ஃபேஸில் வோல்டேஜ் 300ஐத் தாண்டும். 300 வோல்ட் ஏசி என்றால் அலையின் உச்சி 424 வோல்ட். போர்டில் இருக்கும் கெபாசிட்டர் பெரும்பாலும் 400 வோல்ட் தாங்குவது, அது வீங்கிவிடும். இடி மின்னலுக்குப் போடும் சர்ஜ் அரெஸ்டர் இதைத் தடுக்காது, அது கண நேர எழுச்சிக்கானது. தேவைப்படுவது ஒவ்வொரு ஃபேஸிலும் 270 வோல்ட்டில் துண்டிக்கும் ஓவர் வோல்டேஜ் கட்ஆஃப். அதைப் போட்டபின், மெயின் பெட்டியில் நியூட்ரல் லிங்க் திருகுகளை வருடம் ஒருமுறை முறுக்கச் சொல்லிவிடுங்கள்.

போர்டு மாற்றுவது கஷ்டமில்லை. எம்சிபியை (மெயின் பெட்டியில் அந்த லைனுக்கான சுவிட்ச்) அணைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள், கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். அடிக்கோப்பையின் மூன்று திருகைக் கழற்றினால் உள்வரும் இரண்டு வயர், மோட்டாருக்குப் போகும் மூன்று வயர், கண்ணுக்குப் போகும் மெல்லிய கேபிள் தெரியும். கழற்றுமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. உதிரி போர்டு இரண்டு கையில் வைத்திருந்தால் சர்வீஸ்காரருக்காக ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம்.

மூன்று வருடத்தில் 18 பில், மிச்சம் 72,000. ஃபேன் விலையும், வாரண்டி முடிந்தபின் வாங்கிய மூன்று போர்டும், ரிமோட்டும் கழித்தால் 25,000 கையில் நிற்கிறது. இருந்தும் இந்த மாடலைக் கூடத்துக்கு மறுபடி வாங்கமாட்டேன். நண்பருக்கும் அதையேதான் சொல்கிறேன். பிஎல்டிசி போடுங்கள், ஆனால் சுவரில் திருகும் குமிழோடு வருவதாகப் பார்த்துப் போடுங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பணம் கட்டும் முன் உதிரி போர்டு உள்ளூரில் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

எங்கள் கூடத்தின் நடு வரிசை ஆறும் அடுத்த மாதம் மாடியில் ஆட்கள் தங்கும் அறைகளுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் போகின்றன. அங்கே அறைக்கு ஒரு ஃபேன், ஒரு ரிமோட் போதும். நடு வரிசைக்குக் குமிழ் வைத்தது ஆறு சொல்லியிருக்கிறது.