ஃபேக்ஸ் மோடம்: உள்ளே பொருத்துவதா, வெளியே வைப்பதா, ஃபைபருக்கு மாறுவதா?

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கணினிகளைப் பழுதுபார்த்துவரும் எனக்கு, ஃபேக்ஸ் தொடர்பான அழைப்பு இன்றும் மாதத்துக்கு ஒன்றிரண்டாவது வந்துவிடுகிறது. கையொப்பமிட்ட தாளின் நகல் ஃபேக்ஸில் வந்தால்தான் கோப்பில் சேர்ப்போம் என்று சொல்லும் வெளியூர்க் கொள்முதலாளர்களும் அலுவலகங்களும் இருக்கும்வரை, இங்குள்ள அரிசி ஆலைக்காரரும் தணிக்கையாளரும் அந்த வசதியைக் கைவிட முடியாது. கணினியைத் தொலைபேசி லைனில் இணைத்து ஃபேக்ஸ் அனுப்ப உதவும் கருவிதான் மோடம். "எந்த மோடம் வாங்கலாம்?" என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள். எது பழுதானால் எங்கே பழுது என்று தானே காட்டிக்கொடுக்குமோ அதை வாங்குங்கள் என்பதே என் பதில். வேகத்தையும் விலையையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த அளவுகோலை வைத்துத்தான் கீழே ஒவ்வொன்றையும் எடை போடுகிறேன்.

ஓர் ஃபேக்ஸ் அழைப்புக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு வகை மோடமும் இந்த வரிசையின் ஒவ்வோர் இடத்தில் தடுக்கி விழுகிறது. அனுப்பும் பக்கம் 1100 ஹெர்ட்ஸ் ஒலியை அரை வினாடி எழுப்பி, மூன்று வினாடி நிறுத்தி, மீண்டும் எழுப்புகிறது. பெறும் பக்கம் 2100 ஹெர்ட்ஸ் ஒலியால் பதில் கொடுத்து, தன்னால் இயன்ற வேகம், தாள் அளவு முதலியவற்றை வினாடிக்கு 300 பிட் என்ற நிதானமான வேகத்தில் அறிவிக்கிறது. அனுப்பும் பக்கம் அவற்றிலிருந்து தனக்கு ஏற்றதைத் தெரிவித்துவிட்டு, ஏறக்குறைய 75 மில்லிவினாடி மௌனமாக இருந்து, பிறகு வேகமான முறைக்கு மாறி ஒன்றரை வினாடி நேரம் வெறும் பூஜ்ஜியங்களை அனுப்பிப் பரிசோதிக்கிறது. அவை சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தால் தாளின் நகல் கிளம்பும். சேராவிட்டால் 14,400, 12,000, 9600, 7200, 4800, 2400 எனப் படி இறங்கி, அதற்கும் கீழே இறங்க இடமில்லாதபோது அழைப்பு துண்டிக்கப்படும்.

அந்த 75 மில்லிவினாடி மௌனத்தில் கூடவோ குறையவோ 20 மில்லிவினாடிக்கு மேல் பிசகக் கூடாது என்பது ஃபேக்ஸ் அழைப்புகளுக்கான டி.30 நெறிமுறையின் விதி. இந்த நேரக் கணக்கைக் கணினி பார்த்துக்கொண்டால் அது கிளாஸ் 1, மோடமே பார்த்துக்கொண்டால் அது கிளாஸ் 2 அல்லது 2.0. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் வேகத்தைவிட இந்தச் சிறிய விவரம் எவ்வளவோ முக்கியமானது. மோடத்துக்கு நேரடியாகக் கட்டளை தட்ட உதவும் டெர்மினல் நிரலைத் திறந்து 'ஏடி+எஃப்கிளாஸ்=?' என்று தட்டினால், தனக்கு எந்தெந்த வகுப்புகள் தெரியும் என்று மோடமே சொல்லிவிடும். 0 மட்டும் வந்தால் அதற்கு ஃபேக்ஸே தெரியாது, டேட்டா மட்டும்தான் என்று பொருள்.

உள்ளே பொருத்தும் அட்டை

கணினிக்குள் மதர்போர்டில் இருக்கும் பி.சி.ஐ. ஸ்லாட்டில் செருகும் மோடம் அட்டை மலிவானது, மேசையில் இடம் பிடிக்காது, தனி அடாப்டர் வேண்டாம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை. இவ்வட்டைகளில் பெரும்பாலானவை விண்மோடம் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. ஒலியைப் பிட்டாகவும் பிட்டை ஒலியாகவும் மாற்றும் வேலையைத் தாம் செய்யாமல், டிரைவர் மென்பொருளின் மூலம் கணினியின் பிராசசர் தலையில் கட்டிவிடுபவை. ஆகவே டிரைவர் இல்லையேல் மோடம் இல்லை. எக்ஸ்பி காலத்து டிரைவரை வைத்துக்கொண்டு 64 பிட் விண்டோஸில் அதை எழுப்ப முயன்று நான் வீணாக்கிய மாலைப் பொழுதுகள் பல. போதாக்குறைக்கு, இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் பி.சி.ஐ. ஸ்லாட்டே கிடையாது.

பழுதைக் காட்டிக்கொடுப்பதா என்று பார்த்தால், விளக்கு இல்லை, பல அட்டைகளில் ஸ்பீக்கரும் இல்லை, "அனுப்ப முடியவில்லை" என்ற ஒற்றை வரி மட்டும் திரையில் வரும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வலங்கைமான் பக்கத்து அலுவலகம் ஒன்றில், சித்திரை மாதத்து இடிமழைக்கு மறுநாள் காலையில் கணினி உயிர்பெறவில்லை. திறந்து பார்த்தபோது, தொலைபேசி லைன் வழியாக இறங்கிய மின்னல் மோடம் அட்டையைக் கருக்கியதோடு நில்லாமல் மதர்போர்டையும் கொண்டுபோயிருந்தது. வெளி மோடமாக இருந்திருந்தால் கணினி பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்.

வெளியே வைக்கும் சீரியல் மோடம்

என் தேர்வு இதுதான். ஆர்.எஸ்-232 எனப்படும் சீரியல் கேபிளில் இணையும் பழைய பெட்டி மோடத்துக்குத் தனி டிரைவர் வேண்டாம், எந்த இயங்குதளத்திலும் வேலை செய்யும், முகப்பில் வரிசையாக விளக்குகள் இருக்கும். டி.ஆர். (டெர்மினல் ரெடி) விளக்கு எரியாவிட்டால் கணினி இன்னும் போர்ட்டைத் திறக்கவில்லை. ஓ.எச். (ஆஃப் ஹூக்) எரிந்தால் மோடம் லைனை எடுத்துவிட்டது. ஓ.எச். எரிந்தும் ஸ்பீக்கரில் டயல் டோன் கேட்கவில்லை என்றால் குற்றம் கணினியில் இல்லை, சுவரில் இருக்கிறது. டயல் டோன் நம் காதுக்குக் கேட்டும் "நோ டயல்டோன்" என்று மோடம் சொன்னால், அது வேறு நாட்டு டயல் டோனை எதிர்பார்க்கிறது. நம் நாட்டு டயல் டோன் 400 ஹெர்ட்ஸை அடிப்படையாகக் கொண்டது, அமெரிக்காவிலோ 350, 440 என்ற இரண்டு ஒலிகளின் கூட்டு. இதற்கு 'ஏடிஎக்ஸ்3' என்ற கட்டளை போதும், மோடம் டோனுக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றிவிடும். இன்டர்காம் பெட்டி வைத்திருக்கும் ஆலைகளிலும் இதே மருந்துதான். அங்கே வெளி லைனுக்கான 0-வுக்குப் பின் ஒரு காற்புள்ளியும் சேர்க்க வேண்டும். அது பெரும்பாலான மோடங்களில் இரண்டு வினாடி இடைவெளி தரும்.

இதிலும் குறைகள் உண்டு. இப்போதைய மடிக்கணினிகளில் சீரியல் போர்ட் இல்லாததால், யு.எஸ்.பி.யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் வயர் தேவைப்படுகிறது. கிளாஸ் 1 மோடமாக இருந்தால் இங்கேதான் நேரக் கணக்கு பிசகும். எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் சிப் உள்ள மாற்றிகளில், வந்த தரவைக் கணினிக்குத் தருமுன் காத்திருக்கும் நேரமான 'லேட்டன்சி டைமர்' வழக்கமாக 16 மில்லிவினாடி என்று இருக்கும், டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் பண்புகளுக்குள் சென்று அதை 1 ஆக்கினால், இரு பக்கமும் வேகம் பேசி முடிவுசெய்யும் கைகுலுக்கலிலேயே அறுந்துகொண்டிருந்த அழைப்புகள் பல நேரங்களில் நிலைபெற்றுவிடுகின்றன. போர்ட்டின் வேகம் 14,400-க்கு மேல், அதாவது 19,200 அல்லது அதைவிட அதிகமாக இருக்க வேண்டும். மற்றொன்று அடாப்டர்: சில வெளி மோடங்கள் 9 வோல்ட் ஏ.சி. கேட்பவை. தொலைந்துபோன அடாப்டருக்குப் பதிலாகக் கடைத்தெருவில் கிடைத்த 9 வோல்ட் டி.சி. அடாப்டரைச் செருகிவிட்டு மோடம் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மோடத்தின் அடியில் உள்ள சீட்டைப் படித்தாலே போதும்.

யு.எஸ்.பி. மோடம்

தோற்றத்தில் எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும் யு.எஸ்.பி. மோடங்களில் இரண்டு சாதிகள் உண்டு. சில நூறு ரூபாய்க்கு வரும் கட்டைவிரல் அளவுச் சாதனங்களில் பல, மேலே சொன்ன விண்மோடத்தின் மறுபிறவிதான். யு.எஸ். ரோபாட்டிக்ஸ் 5637 போன்ற கன்ட்ரோலர் உள்ள மோடங்களோ தம் வேலையைத் தாமே செய்துகொள்பவை. இந்த வகையை லினக்ஸ் கணினியில் செருகினால் எதையும் நிறுவாமலேயே 'டிடிஒய்ஏசிஎம்0' என்ற பெயரில் தோன்றும். வாங்கும் முன் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த எளிய வழி இதுவே.

சீரியல் மோடத்தைப் போல விளக்கு வரிசை இல்லாவிட்டாலும், டெல்டாவுக்கு மட்டும் பொருந்தும் ஒரு நியாயம் இதன் பக்கம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், நாகை, திருவாரூர் மாவட்டங்களில் மின்கம்பங்களைச் சாய்த்துப்போட்டது. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. செம்புக் கம்பி லைனுக்கான மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வருவதால், கம்பி அறுபடாமலும் நிலையம் இயங்கிக்கொண்டும் இருந்தால், மடிக்கணினியின் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் யு.எஸ்.பி. மோடம் அந்த இருட்டிலும் தாள் அனுப்பும். அடாப்டரை நம்பியிருக்கும் வெளி மோடத்தால் அது முடியாது. கடலோரத்தில் இருப்பவர் யாராவது கேட்டால், கன்ட்ரோலர் உள்ள யு.எஸ்.பி. மோடத்தையே நான் சொல்வேன்.

தனி ஃபேக்ஸ் இயந்திரம் பற்றி ஒரு வரி: கணினிக்கும் அதற்கும் தொடர்பு வேண்டாம், கையெழுத்திட்ட தாளைச் செருகி அனுப்பினால் போதும் என்பவருக்கு அதுவே உத்தமம்.

செம்புக் கம்பியும் ஃபைபரும்

மோடத்தை மாற்றுவதற்கு முன் லைனைப் பாருங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் கிடைத்த அனுபவம். ஐப்பசி அடைமழையில் காலை நேரத்தில் அனுப்பும் ஃபேக்ஸ் எல்லாம் அறுந்துபோகும், பிற்பகல் வெயில் ஏறியதும் அதே எண்ணுக்கு அதே தாள் ஒழுங்காகப் போகும். இரண்டு மோடம் மாற்றியிருந்தார்கள். நான் முதலில் பார்த்தது கிளாஸ் 2 மோடம் திருப்பித் தந்த எண்ணை. 11 என்றால் எதிர்ப்பக்கம் ஃபேக்ஸாகப் பதில் தரவே இல்லை, 25 என்றால் நாம் மூன்று முறை அறிவித்தும் மறுமொழி இல்லை, 27 என்றால் கடைசிப் படிவரை வேகத்தைக் குறைத்தும் பரிசோதனை தேறவில்லை. இங்கே மாறி மாறி 25-உம் 27-உம் வந்தன. எதிர்ப்பக்கம் பதில் தந்த பிறகுதான் கெடுகிறது என்று தெரிந்ததும், மோடத்தைக் கழற்றிவிட்டுச் சாதாரணத் தொலைபேசியைச் செருகி, ஓர் இலக்கத்தை அழுத்தி டயல் டோனை நிறுத்திவிட்டுக் காதில் வைத்தேன். வறுகடலை பொரிவதைப்போலக் கரகரப்பு. தொலைபேசி வயர் இணையும் சுவர்ப் பெட்டியான ரோசெட்டைத் திறந்தால் இரண்டு திருகாணிகளிலும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. வெளியே, ஓட்டுச் சரிவின் விளிம்புக்கு நேர் கீழே, கம்பத்திலிருந்து கட்டடத்துக்கு வரும் டிராப் வயரின் முறுக்கு இணைப்பு நாடாவின்றி நனைந்துகொண்டிருந்தது. களிம்பைச் சுரண்டி, வயரின் நுனியைப் புதிதாக வெட்டி முறுக்கி, இணைப்பை ஓட்டுக்கு உள்பக்கம் தள்ளிக் கட்டியதும், கழற்றி வைத்திருந்த முதல் மோடமே மறுநாள் மழைக் காலையில் நான்கு பக்கங்களை ஒரே மூச்சில் அனுப்பியது.

கையில் மல்டிமீட்டர் இருப்பவர், எதையும் இணைக்காத லைனில் ஏறத்தாழ 48 வோல்ட் டி.சி. இருக்கிறதா என்று பார்க்கலாம். மிகவும் குறைந்திருந்தால் எங்கோ கசிவு. அதே கம்பியில் பிராட்பேண்டும் வந்தால், மோடத்துக்கு முன் பிராட்பேண்ட் அலைகளைத் தடுக்கும் ஃபில்டர் கட்டாயம். அதைச் செருக மறந்த லைனில் குரல் ஓரளவு தெளிவாகக் கேட்டாலும் ஃபேக்ஸ் தேறாது.

செம்புக் கம்பிக்குப் பதில் ஒளியிழை வழியாக வரும் ஃபைபர் இணைப்புக்கு மாறியவர்களின் குறை வேறு விதம். கரகரப்பு அறவே இல்லை, குரல் கண்ணாடிபோல் கேட்கிறது, ஆனால் ஃபேக்ஸ் மூன்றாவது பக்கத்தில் அறுகிறது. ஃபைபர் பெட்டியின் தொலைபேசித் துளை ஒலியைச் சிறு சிறு பொட்டலங்களாக்கி அனுப்புகிறது. 20 மில்லிவினாடிப் பொட்டலம் ஒன்று வழியில் தொலைந்தால் மனிதக் காது கவனிப்பதில்லை, மோடமோ தடுமாறிவிடுகிறது. ஒலியைச் சுருக்கும் ஜி.729 முறை ஃபேக்ஸுக்கு உதவவே உதவாது. சுருக்காத ஜி.711 வேண்டும், அல்லது இணையவழி ஃபேக்ஸுக்கென்றே 1998-இல் வகுக்கப்பட்ட டி.38 வேண்டும். இணைப்பு தருபவரிடம் இதைப் பெயர் சொல்லியே கேட்க வேண்டும், "ஃபேக்ஸ் போகவில்லை" என்று மட்டும் சொன்னால் பெட்டியை மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள். நம் பக்கத்தில் செய்யக்கூடியது, உச்ச வேகத்தை 9600 ஆகக் குறைப்பது.

ஈ.சி.எம். எனப்படும் பிழைதிருத்தத்தை நிறுத்திவிட்டால் அழைப்பு அறாமல் போகும் என்று பலர் ஆலோசனை சொல்வார்கள். உண்மைதான், ஆனால் தொலைந்த வரிகள் தொலைந்தவையாகவே அச்சாகும். மூட்டைக் கணக்கும் தொகையும் எழுதிய தாளில் ஒரு வரி போய் 8 என்பது 3 ஆவதைவிட, அழைப்பு அறுந்து மீண்டும் அனுப்புவதே மேல். ஆகவே நான் அதை நிறுத்துவதில்லை.

இதே அக்கறையில், தமிழில் தட்டச்சிட்ட தாளை எப்போதும் 'ஃபைன்' தரத்திலேயே அனுப்புங்கள். வழக்கமான தரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 3.85 வரிகள்தான், அதாவது வரிக்கு வரி கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். சிறிய எழுத்தின் புள்ளி அதில் ஒன்றிரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடுவதால், 'எண்' என்பது எதிர்ப்பக்கத்தில் 'எண' என்று விழுகிறது, 'மேல்' என்பதன் கொம்புச் சுழி அடைந்து 'மெல்' ஆகிறது. ஃபைன் தரத்தில் வரிகள் இரட்டிப்பாகி 7.7 ஆகின்றன. நேரம் கூடும், எழுத்து பிழைக்கும்.

இந்த ஆண்டு என் பொறுப்பில் உள்ள மூன்று இடங்களில், ஆலைக்குச் செம்புக் கம்பியும் சீரியல் மோடமும், நாகப்பட்டினத்துக் கடையொன்றுக்கு யு.எஸ்.பி. மோடமும் மடிக்கணினியும், ஃபைபருக்கு மாறிவிட்ட தணிக்கையாளருக்கு டி.38 கேட்டு வாங்கி 9600 வேகமும் அமைத்திருக்கிறேன். செம்புக் கம்பி உள்ள இரண்டு இடங்களிலும், இடி முழங்கும் மாலைகளில் கதவைப் பூட்டும் முன் ரோசெட்டிலிருந்து மோடத்தின் வயரைக் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். காலையில் மறக்காமல் மீண்டும் செருகுவதற்காக, கழற்றிய நுனியைக் கணினியின் விசைப்பலகை மேலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள்.